ஜப்பானை மற்ற நாடுகளோடு ஒப்பிடும்போது: பிறப்பு விகிதக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மக்கள்தொகை எண்களை வைத்துக் கட்டுரை எழுதப் பழகுகிறவர்களுக்குச் சில வருஷங்களாக வகுப்பு எடுத்து வருகிறேன். முதல் பயிற்சி எப்போதும் ஒன்றுதான். ஜப்பானில் குழந்தைப் பிறப்பு குறைந்த கதையை மற்ற தொழில்வள நாடுகளோடு ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுத வேண்டும். ஜப்பானைக் கொடுப்பதற்குக் காரணம், 1899-இலிருந்து அங்கே பிறப்புப் பதிவுகள் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. எண் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

போன மாதம் பன்னிரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். வாசித்து முடித்தபோது மனசு கனத்துப்போனது. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே பிழைகள், கிட்டத்தட்ட அதே வாக்கியங்களில். அதனால்தான் இதை எழுதுகிறேன். புள்ளி இடம் மாறுவது, ஆயிரம் பேருக்கான கணக்கையும் ஒரு பெண்ணுக்கான கணக்கையும் குழப்புவது போன்றவற்றை இங்கே தொடவில்லை. அவற்றை ஆசிரியர் குழுவில் யாராவது பிடித்துவிடுவார்கள். யாரும் பிடிக்காமல் அச்சாகிவிடுகிற தவறுகளைப் பற்றித்தான் என் கவலை.

கீழே வெறுமனே 'விகிதம்' என்று சொல்லும் இடமெல்லாம் மொத்தக் கருவுறுதல் விகிதத்தைக் குறிக்கிறேன். ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தை என்று செய்திகளில் வருகிறதே, அது.

பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையை விகிதமாகப் படிப்பது

ஜப்பானில் 2005-இல் 10,62,530 குழந்தைகள் பிறந்தன. விகிதம் 1.26. பத்து வருஷம் கழித்து, 2015-இல், 10,05,721 குழந்தைகள். விகிதம் 1.45. அதாவது குழந்தைகள் ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேல் குறைந்திருக்கின்றன, விகிதமோ ஏறியிருக்கிறது. இந்த இரண்டு வரியையும் பலகையில் எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்தால், பாதிப்பேர் நான் ஏதோ தவறாக எழுதிவிட்டேன் என்றே நினைக்கிறார்கள்.

தவறு இல்லை. 1971 முதல் 1974 வரை ஜப்பானில் வருஷத்துக்கு இருபது லட்சம் குழந்தைகள் பிறந்தன. அப்போது பிறந்த பெண்கள் 2005-இல் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார்கள், 2015-இல் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த பெண்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆளுக்குச் சற்றுக் கூடுதலாகப் பெற்றாலும், பெறுகிறவர்களே குறைந்துபோனதால் மொத்தம் இறங்கியது.

அமெரிக்காவில் கதை வேறு. 2007-இல் 43 லட்சம் பிறப்புகள், விகிதம் 2.12. 2023-இல் சுமார் 36 லட்சம், விகிதம் 1.62. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு இறக்கம், விகிதத்தை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. குடியேற்றத்தால் அங்கே இளம் பெண்களின் எண்ணிக்கை குறையாமல் இருந்தது, அது இறக்கத்தின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது.

ஜப்பானில் 1973-இல் சுமார் 21 லட்சம் பிறப்புகள், 2024-இல் சுமார் 6,86,000. மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் அதே காலத்தில் விகிதம் 2.14-லிருந்து 1.15-க்கு வந்தது, அதாவது பாதிக்குச் சற்று மேலே. இந்த இரண்டு எண்களும் தலைப்புக்கு நல்ல தீனிதான். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதற்கான காரணத்தை விளக்கக் கூடாது.

தொடங்கும் ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது

போர் முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய வேகத்தில் 1949-இல் ஜப்பானின் விகிதம் 4.32. 1957-இல் 2.04. எட்டே வருஷத்தில் பாதிக்கும் கீழே. அதே 1957-இல் அமெரிக்கா எங்கே இருந்தது தெரியுமா? போருக்குப் பிந்தைய அதன் உச்சத்தில், 3.77-இல். உங்கள் வரைபடத்தை 1949-இல் தொடங்கினால் ஜப்பான் பாறையிலிருந்து விழுவதுபோலத் தெரியும். 1957-இல் தொடங்கினால், அடுத்த பதினைந்து வருஷம் ஜப்பானின் கோடு ஏறக்குறைய மட்டமாகப் போகும், விழுவது அமெரிக்கக் கோடாக இருக்கும். இரண்டும் உண்மையான எண்கள்தான். எந்தக் கோட்டை எங்கே தொடங்கினீர்கள், ஏன் அங்கே தொடங்கினீர்கள் என்று வாசகருக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. "கருத்தடை மாத்திரை வந்தது, தொழில் நாடுகளில் பிறப்பு விழுந்தது" என்று ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது 1960-இல். ஜப்பானில் 1999-இல்! அங்கே பெரிய இறக்கம் நடந்து முடிந்து நாற்பது வருஷம் ஆன பிறகு. ஜப்பானின் அந்த எட்டு வருஷ இறக்கத்தில் முக்கியப் பங்கு கருக்கலைப்பை அனுமதித்த 1948 சட்டத்துக்கும், பொருளாதாரக் காரணத்துக்காகவும் கருக்கலைப்பு செய்துகொள்ளலாம் என்று அடுத்த வருஷம் அதில் கொண்டுவந்த திருத்தத்துக்கும் உண்டு. நாட்டுக்கு நாடு வழி வேறு.

ஓர் ஆண்டின் விகிதத்தை ஒரு பெண்ணின் வாழ்க்கையாகப் படிப்பது

இதுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாத தவறு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2001 வாக்கில் ஒரு மாத இதழுக்காகப் பிறப்புக் குறைவு பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். கையில் 1999-ஆம் ஆண்டு எண்கள். ஜப்பான் 1.34, செக் குடியரசு 1.13. "ஜப்பானைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், உண்மையில் செக் நாட்டின் நிலைமை அதைவிட மோசம், அங்கே பெண்கள் ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொண்டார்கள்" என்று எழுதினேன். அழுத்தமான வாக்கியம் என்று பாராட்டினார்கள். ஒரு பயிற்சி நிறுவனம் அந்தப் பகுதியை எடுத்து மாணவர்களுக்கான கையேட்டில் சேர்த்தது. பல வருஷம் அது கைமாறிக்கொண்டே இருந்தது.

இப்போது நமக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1975 வாக்கில் பிறந்த செக் பெண்கள், அதாவது நான் எழுதியபோது இருபத்தைந்து வயதில் இருந்தவர்கள், குழந்தை பெறும் வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சராசரியாக 1.8-ஐ ஒட்டிக் குழந்தைகள். அதே வயது ஜப்பானியப் பெண்களுக்குச் சராசரி 1.5-ஐக்கூடத் தொடவில்லை. நான் எழுதியது வெறும் துல்லியக் குறைவு இல்லை, தலைகீழ். கையேட்டைப் படித்து அதை மனப்பாடம் செய்த பிள்ளைகளிடம் போய் நான் எப்படித் திருத்துவது? சில வருஷம் முன்புகூட ஒருவர் ஒரு கருத்தரங்கில் அந்த வரியை எடுத்துச் சொன்னார். நான் எழுந்து, அது என் வரி, அது தவறு என்று சொல்ல வேண்டியிருந்தது.

எங்கே சறுக்கினேன்? விகிதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று என் கையால் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. அதுதான் காரணம். அதனால் இப்போது வகுப்பில் எல்லோரையும் எக்செல் ஷீட் திறந்து ஏழு வரிசை போடச் சொல்கிறேன். 15–19, 20–24, 25–29 என்று 45–49 வரை. ஒவ்வொரு வரிசையிலும், அந்த வயதில் இருக்கும் ஆயிரம் பெண்களுக்கு அந்த ஓர் ஆண்டில் எத்தனை குழந்தை பிறந்தது என்ற எண். ஏழையும் கூட்டி, ஐந்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

அப்புறம் எட்டாவது வரிசைக்குப் போகாமல், பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் போடச் சொல்வேன். அந்தந்த வயதுப் பெண்கள் எந்த வருஷம் பிறந்தவர்கள் என்று அதில் நிரப்ப வேண்டும். 1999-க்கு எழுதினால், 20–24 வரிசையில் இருப்பவர்கள் 1970-களின் பின்பாதியில் பிறந்தவர்கள். 30–34 வரிசையில் 1960-களின் பின்பாதி. 45–49 வரிசையில் 1950-களின் தொடக்கம். அந்தக் கட்டத்தை நிரப்பும்போதுதான் உறைக்கிறது. ஏழு வெவ்வேறு காலத்துப் பெண்களின் ஒரே ஒரு வருஷத்தைச் சேர்த்துத் தைத்து, ஒரு கற்பனைப் பெண்ணை உண்டாக்கியிருக்கிறோம். அந்தப் பெண் எந்த ஊரிலும் இல்லை.

இதைச் செக் நாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அங்கே சீக்கிரமே கல்யாணம். குடும்பம் என்று ஆனால்தான் வீடு கிடைக்கும், புதுத் தம்பதிகளுக்கு அரசுக் கடன் உண்டு. தலைப்பிரசவம் சராசரியாக இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிலேயே நடந்தது. 1989-இல் ஆட்சி மாறியது. வெளிநாடு போகலாம், மேலே படிக்கலாம், வேலையைத் தேர்ந்தெடுக்கலாம். இளம் பெண்கள் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டார்கள். தலைப்பிரசவ வயது இருபத்தெட்டு வரை உயர்ந்தது. ஆக 1999-இல் 20–24 வரிசை காலி, ஏனென்றால் அவர்கள் இன்னும் தொடங்கவில்லை. 30–34 வரிசையும் காலி, ஏனென்றால் அவர்கள் பழைய வழக்கப்படி இருபதுகளின் தொடக்கத்திலேயே பெற்று முடித்துவிட்டார்கள். இரண்டு வரிசையும் ஒரே சமயத்தில் காலியாக இருந்த அந்த இடைவெளியில் எடுத்த படம்தான் 1.13.

வகுப்பில் இதற்கு நான் சொல்லும் உதாரணம் கல்யாண மண்டபம். ஆடி மாதப் பதிவேட்டை மட்டும் பார்க்கும் ஒருவர், இந்த ஊரில் கல்யாணமே நின்றுபோய்விட்டது என்றுதான் நினைப்பார். ஆவணியில் அதே மண்டபத்தில் நாள் கிடைக்காது. ஆடியில் நடக்காத கல்யாணங்கள் எங்கும் போய்விடவில்லை, தள்ளிப் போயின.

கணக்காகச் சொன்னால்: ஒரு நாட்டில் எல்லாப் பெண்களும் கடைசியில் சராசரியாக இரண்டு குழந்தை பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேறு வயதின் சராசரி பத்து வருஷத்தில் ஒரு வயது கூடுகிறது. அந்தப் பத்து வருஷத்தில் ஒன்பது வருஷத்துக்கான குழந்தைகள்தான் பிறக்கும். விகிதம் 1.8 என்று காட்டும். ஒரு பெண்கூடக் குறைத்துப் பெற்றிருக்க மாட்டாள். மக்கள்தொகை ஆய்வாளர்களான ஜான் போங்கார்ட்ஸ், கிரிஃபித் ஃபீனி இருவரும் 1998-இல் இந்தத் தள்ளிப்போதலைச் சரிக்கட்ட ஒரு திருத்த முறையை முன்வைத்தார்கள். அதாவது நான் கட்டுரை எழுதுவதற்கு மூன்று வருஷம் முன்பே விஷயம் வெளியே இருந்தது. நான் தேடவில்லை.

ஸ்வீடனைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். 1980-களில் அங்கே ஒரு விதி இருந்தது. முதல் குழந்தைக்குப் பிறகு குறிப்பிட்ட மாதங்களுக்குள் அடுத்த குழந்தை பிறந்தால், பேறுகால விடுப்புத் தொகை பழைய சம்பளக் கணக்கிலேயே கிடைக்கும். பெண்கள் இரண்டாவது பிள்ளையை முன்னதாகவே பெற்றுக்கொண்டார்கள். 1990-இல் விகிதம் 2.1-ஐத் தொட்டது. உலகமே ஸ்வீடனைப் பார்த்து வியந்தது. பிறகு பொருளாதார நெருக்கடி. 1999-இல் விகிதம் 1.5. இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் கடந்து வந்த ஸ்வீடன் பெண்கள் கடைசியில் பெற்றது சராசரியாக இரண்டை ஒட்டித்தான்.

போன மாத வகுப்பில் ஒரு பெண் எழுதியிருந்தார்: "தென்கொரியப் பெண்கள் வாழ்நாளில் முக்கால் குழந்தைதான் பெறுகிறார்கள்." 2023-இல் கொரியாவின் விகிதம் 0.72. கூப்பிட்டுக் கேட்டேன்.

"சார், விகிதம்னா ஒரு பெண்ணுக்கு எத்தனைன்னுதானே அர்த்தம்? எல்லா இடத்துலயும் அப்படித்தானே போட்டிருக்காங்க?"

போட்டிருக்கிறார்கள்தான். 1970 வாக்கில் பிறந்த கொரியப் பெண்களின் சராசரி 1.7 அளவில் இருக்கிறது என்று காட்டினேன். கொரியாவில் தலைப்பிரசவத்தின் சராசரி வயது 2023-இல் முப்பத்துமூன்று. அந்த 0.72-க்குள் தள்ளிப்போட்டவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். ஓர் ஆண்டின் எண் இரண்டு பேரையும் பிரித்துக் காட்டாது.

சரி, இதைக் கற்றுக்கொண்டதும் உடனே எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. "எல்லாம் தள்ளிப்போவதுதான், ஜப்பானும் ஒருநாள் எழும்" என்று ஒருவர் ஆறுதலாக முடித்திருந்தார். அதுவும் தப்பு, அதைவிட ஆபத்தான தப்பு. ஜப்பானில் தலைப்பிரசவ வயது 1975-இல் 25.7, 2015-இல் 30.7. தள்ளிப்போட்டார்கள், உண்மை. 1.26-லிருந்து 1.45-க்கு ஏறியதில் அந்தத் தாமதப் பேறுகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் செக் நாட்டில் தள்ளிப்போட்டவர்களில் பெரும்பாலோர் முப்பதுக்கு மேல் பெற்றுக்கொண்டார்கள். ஜப்பானில் 1970-களின் முற்பாதியில் பிறந்த பெண்களில் நாலில் ஒருவருக்கும் மேல் குழந்தையே இல்லை. இவர்கள் வேலை தேடிய வருஷங்கள் 1990-களின் பொருளாதாரத் தேக்க வருஷங்கள். நிரந்தர வேலை கிடைக்காமல், கல்யாணம் தள்ளி, வயது போய்விட்டது. இவர்களில் பலர் குழந்தை வேண்டும் என்று நினைத்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே செக் எண்ணையும் ஜப்பான் எண்ணையும் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

ஆக, ஓர் ஆண்டு விகிதத்தை எழுதும்போது கூடவே இரண்டு எண் எடுத்துப் பாருங்கள். ஒன்று தலைப்பிரசவ வயது நகர்கிறதா என்பது. மற்றது, நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் இதுவரை எத்தனை பெற்றிருக்கிறார்கள் என்பது. முன்னதில் மட்டும் மாற்றம் தெரிந்தால் காத்திருங்கள். பின்னதும் இறங்கினால் அது உண்மையான குறைவு. செக் நாட்டின் விகிதம் 2021-இல் 1.83 வரை ஏறி, பிறகு மறுபடி விழுந்துகொண்டிருக்கிறது. இந்த முறை அது எது என்று நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெண்கள் இன்னும் நாற்பதை எட்டவில்லை.

ஜெர்மனியை எப்போதும் ஒரே கோடாகப் போடுவது

1994-இல் பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் விகிதம் 0.77. சுவர் விழுந்த 1989-இல் அங்கே சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்தன, ஐந்தே வருஷத்தில் எண்பதாயிரத்துக்கும் கீழே. மேற்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒட்டுமொத்த ஜெர்மனியின் 1.24 இந்த இரண்டையும் விழுங்கிவிடுகிறது. 1990-களை ஜப்பானோடு ஒப்பிட்டால் கிழக்கையும் மேற்கையும் பிரித்துப் போடுங்கள்.

யாரை எண்ணியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் விடுவது

ஜப்பான் வெளியிடும் பிறப்பு எண்ணிக்கை, ஜப்பானில் பிறந்த ஜப்பானியக் குடிமக்களுக்கானது. ஜெர்மனியும் பிரான்ஸும் நாட்டில் வாழும் எல்லோரையும் எண்ணுகின்றன. அடிக்குறிப்பைப் படிக்காமல் ஒப்பிடக் கூடாது. நம் ஊரிலும் இது நடக்கிறது. தமிழ்நாட்டை ஜப்பானோடு ஒப்பிட ஆசைப்படுகிறவர்கள் ஒருநாள் 1.8 என்கிறார்கள், இன்னொரு நாள் 1.4 என்கிறார்கள். முன்னது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு, ஆய்வுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கான கணக்கு. பின்னது மாதிரிப் பதிவு முறை, 2020 என்ற ஓர் ஆண்டுக்கானது. இரண்டுக்கும் நடுவில் கோடு இழுத்து "வேகமாகச் சரிகிறது" என்று எழுத முடியாது.

"பெண்கள் வேலைக்குப் போனதால்தான்"

பன்னிரண்டு கட்டுரையில் ஒன்பதில் இந்த வரி இருந்தது. ஒரு காலத்துக்கு இது பொருந்தும். 1970-களில் தொழில் நாடுகளை வரிசைப்படுத்தினால், பெண்கள் அதிகமாக வேலைக்குப் போன நாடுகளில் பிறப்பு குறைவாகத்தான் இருந்தது. 1980-களின் நடுவிலிருந்து அது திரும்பிவிட்டது. பெண்கள் அதிகம் வேலைக்குப் போன ஸ்வீடனிலும் பிரான்ஸிலும் குழந்தைகள் கூடுதல், வேலைக்குப் போகும் பெண்கள் குறைவாக இருந்த இத்தாலியில் குறைவு. இத்தாலியின் விகிதம் 1995-இல் 1.19.

அப்படியானால் குழந்தைக் காப்பகமும் விடுப்பும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அடுத்த வரியை எழுதாதீர்கள். இரண்டும் தாராளமாக இருக்கும் பின்லாந்தில் 2010-இல் 1.87 ஆக இருந்த விகிதம் 2023-இல் 1.26. பிரான்ஸிலும் 2010-இல் 2.03, 2024-இல் 1.62.

இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது கல்யாணத்தைத்தான். பிரான்ஸிலும் ஸ்வீடனிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் கல்யாணம் ஆகாத பெற்றோருக்குப் பிறக்கின்றன. ஜப்பானில் அது நூற்றுக்கு இரண்டு அளவில்தான். ஆகவே ஜப்பானில் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளினால் குழந்தையும் ஒரு வருஷம் தள்ளும், கல்யாணம் நடக்காவிட்டால் குழந்தை இல்லை. பிரான்ஸில் அந்தக் கட்டாயம் இல்லை. பிரான்ஸில் பலன் தந்த ஒரு திட்டத்தை ஜப்பானுக்குப் பரிந்துரைத்து எழுதும்போது, அந்தத் திட்டம் கல்யாணம் ஆனவர்களை மட்டும்தான் சென்றடையுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கேள்வி அங்கேதான் நிற்கும்.

2.1-க்குக் கீழே போனதும் மக்கள்தொகை குறையும் என்று எழுதுவது

2.1 என்பது ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளத் தேவையான விகிதம். அதற்குக் கீழே போனாலும் மக்கள்தொகை உடனே குறையாது. ஜப்பான் 1970-களின் நடுவில் அந்த அளவுக்குக் கீழே போனது, மக்கள்தொகை உச்சத்தைத் தொட்டது 2008-இல்.

வரைபடத்தின் செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் வெட்டுவது

வெட்டினால் வெட்டினேன் என்று படத்திலேயே எழுதுங்கள்.

1966-ஐ அப்படியே விட்டுவிடுவது

1965-இல் ஜப்பானின் விகிதம் 2.14. 1966-இல் 1.58. 1967-இல் 2.23. ஒரே வருஷத்தில் சுமார் நாலரை லட்சம் குழந்தைகள் குறைந்து, அடுத்த வருஷமே திரும்பி வந்தார்கள். அது நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் முன்கோபியாக இருப்பாள், கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்று ஒரு நம்பிக்கை. நம் வருஷங்களைப் போலவே அறுபது ஆண்டுச் சுற்று.

இதைச் சாதாரண வருஷமாக எண்ணிச் சராசரி போட்டவர்களையும், அதைத் தொடக்கமாக வைத்து "1966-லிருந்து 1973 வரை ஜப்பானில் பிறப்பு வேகமாக உயர்ந்தது" என்று எழுதியவரையும் பார்த்திருக்கிறேன். ஜப்பானியர்களுக்கே இந்த எண் மனதில் நின்றது. 1989-இன் விகிதம் 1.57 என்று தெரியவந்தபோது நாடு அதிர்ந்ததற்குக் காரணம், எந்த நம்பிக்கையும் தடுக்காத ஒரு சாதாரண வருஷம் 1966-க்கும் கீழே போய்விட்டதுதான். அங்கே குழந்தைப் பிறப்பு அரசின் கவலையாக மாறியது அந்த 0.01 வித்தியாசத்திலிருந்து.

1966 ஏப்ரலில் தொடங்கிய பராபவ வருஷம் 2026-இல் மறுபடி வருகிறது, ஜப்பானில் நெருப்புக் குதிரையும் அதே 2026-இல்தான். அந்த ஆண்டின் எண் கைக்கு வரும்போது 2025-ஐயும் 2027-ஐயும் பக்கத்தில் வைக்காமல் தலைப்பு எழுத வேண்டாம் என்று வகுப்பில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.